15 மீட்டர் ஆழம் யாருக்கு வேண்டும்? பனிக்குத் தாங்குகிற கமராவைக் கொடுங்கள்

மூன்று நாளாக மனது ஆறவில்லை. எழுதினால் கொஞ்சமாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

போன ஞாயிறு விடியற்காலையில் நானும் மாமா மகனும் எங்கள் தோட்டத்தின் மேல் மலைக்கு ஏறினோம். மஸ்கெலியாப் பக்கம். கடைசித் தேயிலை நிரை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், மானாப்புல்லுக்கு நடுவே மிருகங்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றைத் தடம் ஒன்று இருக்கிறது. அந்தத் தடத்தின் குறுக்கே ஒரு சுருக்கு. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியை முறுக்கிச் செய்தது. மறுமுனையை ஒரு மரத்தின் அடியில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். காட்டுப் பன்றிக்கு வைத்தது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஆனால் அதற்கு இரண்டு அடி தள்ளிச் சேற்றில் பதிந்திருந்தது பன்றியின் குளம்பு இல்லை. உருண்டையான தடம். நான்கு விரல், அகலமான பின் மெத்தை, நகக்கீறல் கொஞ்சமும் இல்லை. நாய் நடந்திருந்தால் நகம் பதிந்திருக்கும். சிறுத்தைப் புலி.

தீப்பெட்டியை அளவுக்காகத் தடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கமராவை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். திரை முழுக்க வெள்ளை. பனிமூட்டம்தானே என்று லென்ஸைத் துடைத்தேன். போகவில்லை. சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை. வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. நீர்த்துளிகள் கண்ணாடிக்கு உட்பக்கம் இருந்தன. பொடிப்பொடியாக, ஊசி முனை அளவில், விரல் எட்டாத இடத்தில்.

கமராவை அக்குளில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தோம். மழை பிடித்துக்கொண்டது. மாமா மகன் போனை எடுத்தான். நனைந்த திரைக்கு அவன் விரல் எது, மழைத்துளி எது என்று தெரியவில்லை. தொட்ட இடத்தை விட்டுவிட்டு வேறு எதையோ திறந்தது. கடைசியில் கிடைத்த ஒரே படத்தில் சேறும் தீப்பெட்டியும் கலங்கித் தெரிகின்றன. பத்து நிமிடத்தில் அந்தத் தடம் எங்கள் கண் முன்னாலேயே கரைந்து ஓடிவிட்டது. சுருக்கைக் கழற்றிக் கொண்டுவந்து கீழே ஒப்படைத்தோம். அங்கே புலி நடந்தது என்பதற்கு எங்கள் இரண்டு பேரின் வாய்ச்சொல்லைத் தவிர இப்போது எதுவும் இல்லை.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் ஒரு மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்து மாட்டிக் கிடந்தது. உயிரோடுதான் மீட்டார்கள். சில நாட்களில் செத்துப்போனது. இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் கண்ணால் கண்டவர்களே அரிது. அப்படிப்பட்ட உயிர், பன்றிக்கு வைத்த கம்பியில் போனது. அன்றிலிருந்துதான் நாங்கள் சில பேர் லீவு நாளில் காட்டோரமாக நடக்கத் தொடங்கினோம். எங்களிடம் துவக்கும் இல்லை, வேட்டைக்கும் போகவில்லை. சுருக்கு இருந்தால் படம் எடுப்போம், தடம் இருந்தால் படம் எடுப்போம், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வோம். அதற்கு ஒரே ஒரு சாமான்தான் வேண்டும். பைக்குள் அடங்குகிற, நனைந்தால் சாகாத, பாறையில் விழுந்தால் உடையாத ஒரு கமரா.

அதைத்தான் கடையில் கேட்டேன். எழுத்துக்கு எழுத்து அப்படியே கேட்டேன். "மலைக்குக் கொண்டுபோக வேண்டும், மழை, பனி, அட்டை கடிக்கிற ஈரக் காடு" என்று சொன்னேன். கவுண்டரில் இருந்த தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணே, இது 15 மீட்டர் தண்ணிக்குள்ள போகும். மழையெல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்ல." நானும் நம்பினேன். 15 மீட்டர் தாங்குகிற சாமான் பனிக்குத் தாங்காதா என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? திருப்பிக் கொண்டுபோனபோது அதே கடையில் வேறு கதை. உள்ளே ஈரம் இருந்தால் உத்தரவாதம் செல்லாதாம். கமராவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்குத் தாங்கும் என்று சொல்லி விற்ற பொருளுக்கு, தண்ணீர் போனால் பொறுப்பில்லை என்று எப்படி வாய் கூசாமல் சொல்ல முடிகிறது?

சரி, அந்த 15 மீட்டர் என்ன என்று பார்ப்போம். ஐபி68 என்று பெட்டியில் பெரிதாகப் போடுகிறார்களே, அதில் முதல் எண் 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது எண் 7 என்று இருந்தால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடுமை, ஆனால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வார். எல்லாம் சுத்தமான, அசையாத நீரில் பார்ப்பது. நிக்கோனின் டபிள்யூ300 என்றால் 30 மீட்டர், பானாசோனிக் எஃப்டி7 என்றால் 31 மீட்டர், பூஜிஃபில்மின் எக்ஸ்பி140 என்றால் 25 மீட்டர். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் போனார்கள். மஸ்கெலியாவில் எனக்கு எதற்கு 31 மீட்டர்? நான் நீர்த்தேக்கத்தின் அடியில் மூழ்கிய பழைய கோயிலையா படம் எடுக்கப் போகிறேன்? விழுந்தால் தாங்கும் என்கிற 2 மீட்டர் கணக்கும் ஒட்டுப்பலகையின் மேல் போட்டுப் பார்த்த கணக்கு. எங்கள் மலையில் எங்கே இருக்கிறது ஒட்டுப்பலகை? கருங்கல் படிதான் இருக்கிறது.

எங்கள் ஊரில் கமராவைக் கொல்வது ஆழம் இல்லை. காற்றில் இருக்கிற ஈரம். இதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை, நானே பட்டுத்தான் படித்தேன். தண்ணீர் புகாத கமரா என்பது மூடிய போத்தல் மாதிரி. வெளியே இருந்து எதுவும் உள்ளே போகாது, உள்ளே இருப்பதும் வெளியே வராது. லயத்தில் எங்கள் வீட்டில் பிளக் இருப்பது குசினிப் பக்கம். அடுப்பில் கேத்தல் கொதிக்கும், சோறு வேகும், ஈரத் துணி கொடியில் தொங்கும். அங்கேதான் இரவு முழுக்க மூடி திறந்தபடி கமரா சார்ஜ் ஏறுகிறது. காலையில் மூடியை அழுத்திப் பூட்டும்போது அந்தக் குசினிக் காற்றை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். அப்புறம் வெளியே வந்து குளிரில் ஒரு மணி நேரம் ஏறினால், உள்ளே இருக்கிற ஈரம் எங்கே போகும்? மிகக் குளிர்ந்த இடத்தில் போய்ப் படியும். மிகக் குளிர்ந்த இடம் முன்னால் இருக்கிற கண்ணாடி. ஹோட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது, தை மாத விடியலில் புல்லில் உறைபனி கிடக்கும். அங்கே உலக முடிவு என்கிற பாறை விளிம்பில் போய் நின்று, எதிரே வெயில் விழுகிற அந்த ஐந்து நிமிடத்தில் கமராவை எடுத்தால் உள்ளே வெள்ளை.

சிவனொளிபாதமலை உச்சியில் நடப்பது வேறு. குளிரில் நின்றுவிட்டுப் பிளேன்டி குடிக்கக் கடைக்குள் நுழைந்தால் லென்ஸுக்கு வெளியே பனி படியும். துணியால் துடைத்தால் போய்விடும், கொஞ்ச நேரம் விட்டால் தானாகவும் போகும். உள்ளே படிந்ததுதான் பாவம். மலையில் வைத்து அதற்கு வழி கிடையாது.

கமரா செய்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயமா? தெரியும். ஒலிம்பஸ் 2017 இல் டீஜி-5 கமராவில் லென்ஸுக்கு முன்னால் இரட்டைக் கண்ணாடி போட்டதே இந்தப் பனிக்காகத்தான். அப்படி ஒன்று இருக்கிறது என்று எந்தக் கடையிலாவது யாராவது உங்களிடம் சொன்னார்களா? என்னிடம் மெகாபிக்சல் சொன்னார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சென்சாருக்குள் எத்தனை மெகாபிக்சலைத் திணித்தால் என்ன, காட்டு நிழலில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று கேட்டேன், எஃப் 2 ஆ, 3.9 ஆ என்று. கவுண்டர் தம்பிக்குக் கேள்வியே புரியவில்லை. மரத்தடியில் படம் வருமா வராதா என்பதை முடிவு செய்கிற எண் அதுதான். அது பெட்டியின் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது.

இன்னொரு கொடுமை அந்த மூடி. பெட்டரிக்கும் கார்டுக்கும் சார்ஜ் வயருக்கும் ஒரே மூடி. சார்ஜ் போட ஒவ்வொரு தடவையும் அதைத் திறக்க வேண்டும். அதன் ஓரத்தில் நூல் தடிப்பில் ஒரு ரப்பர் வளையம். முழுக் கமராவின் உயிரும் அந்த ரப்பரில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பரின் மேல், மூலையில், ஒற்றை முடி. தலைமுடிகூட இல்லை, கம்பளிச் சட்டையிலிருந்து உதிர்ந்த மெல்லிய இழை. ஊசியால் தூக்கி எடுத்தேன். அது கிடந்த இடத்தில் ரப்பரில் ஒரு கோடு விழுந்திருந்தது. மழை நாளில் அந்தக் கோட்டு வழியாக எவ்வளவு போயிருக்குமோ. இப்போது பல போன்களில் சார்ஜ் துளை மூடியே இல்லாமல் தண்ணீருக்குத் தாங்குகிறது. போனில் செய்ய முடிந்ததை, காட்டுக்கென்றே செய்கிற கமராவில் ஏன் செய்யவில்லை?

ஆண்டுக்கு ஒரு தடவை ரப்பரை மாற்றச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். நல்லது. எங்கே மாற்றுவது? விற்ற கடையில் கேட்டேன், இல்லை. ஹட்டனில் இல்லை. கண்டியில் இரண்டு இடத்தில் கேட்டேன். ஒருவர் குழாய்க்குப் போடுகிற வாஷரை எடுத்துக் காட்டினார். வயிறு பற்றி எரிந்தது. வத்தவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த மழைக்கு நடுவே இருக்கிற எங்களுக்கு ஒரு ரப்பர் வளையம் கிடைக்காது.

"போன் இருக்கும்போது எதற்குக் கமரா" என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மேலே சொன்னேனே, நனைந்த திரை என்ன செய்தது என்று. விறைத்த கைக்குப் பொத்தான் வேண்டும், கண்ணாடி போதாது. அதைவிட முக்கியம், காட்டோரத்தில் கால் பிசகினால் ஆளைக் கூப்பிட மிஞ்சுவது அந்த போன் ஒன்றுதான். அதன் பெட்டரியைப் படம் எடுத்துத் தீர்க்க நான் தயார் இல்லை. சாதாரண பொக்கெட் கமராவும் சரிவராது. லென்ஸ் குழாய் வெளியே நீண்டு உள்ளே போகும்போது பம்பு மாதிரி ஈரக் காற்றை இழுத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் அலுமாரியில் கிடந்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் பிடிக்கும். நனைந்தால் அரிசிக்குள் போடு என்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். அரிசி ஈரத்தைச் சரியாக இழுக்காது, தவிட்டுத் தூள் மட்டும் உள்ளே போகும். காய்ந்த சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி திறந்தபடி காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். போவதற்கு முந்தின இரவும் அப்படியே வைத்து, எடுத்த கையோடு மூடியைப் பூட்டுங்கள்.

விலையைப் பற்றிப் பேசினால் இன்னும் ஏறுகிறது. அந்த டீஜி-5 இன் வரிசையில் டீஜி-7 2023 இல் வந்தபோது அமெரிக்காவில் 550 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 165,000 ரூபாய், வரி தனி. 2024 இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கணக்குப் போடுங்கள். என் அம்மா படங்கைக் கட்டிக்கொண்டு 122 நாள் கொழுந்தெடுத்தால் ஒரு கமரா. 2022 இல் டொலர் 200 இலிருந்து 360 க்கு ஏறியதற்கு அப்புறம் புதிதாக வாங்குவதைப் பற்றி நாங்கள் யோசிப்பதே இல்லை. பழையதுதான் கதி. பழையதிலும் மேலே சொன்ன நிக்கோன், பூஜிஃபில்ம், பானாசோனிக் மூன்றையும் இப்போது செய்வதில்லை, ரப்பருக்கு எங்கே போவது? ஒலிம்பஸின் கமரா வியாபாரமே 2021 இல் கைமாறி, இன்று ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. இந்த வகையில் பெயர் சொல்லும்படி மிஞ்சியிருப்பது அதுவும், ரிக்கோ பெண்டாக்ஸ் பெயரில் விற்கிறதும்தான்.

அதனால் கடைக்காரர்களே, அடுத்த தடவை மலையிலிருந்து ஒருவர் வந்து நின்றால் தண்ணீரின் ஆழத்தைச் சொல்லாதீர்கள். மூடியைத் திறந்து ரப்பரைக் காட்டுங்கள். மாற்று ரப்பர் இருக்கிறதா இல்லையா என்று காசு வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். உள்ளே பனி படிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத முடியாது என்றால் விற்காதீர்கள்.

வாசிக்கிறவர்களில் யாருக்காவது பழைய கமராக்களின் மூடி ரப்பர் கிடைக்கிற இடம் தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள். கொழும்பு என்றாலும் பரவாயில்லை, பஸ் ஏறி வருகிறேன். அடுத்த ஞாயிறும் அந்தத் தடத்துக்குப் போகிறோம். கம்பி கட்டியிருந்த மரத்தின் பட்டையில் இன்னும் இரண்டு பழைய வெட்டு இருந்தது.