வியாதி என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் நடந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், நம் சாட்ஸ்வொர்த்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அவனுக்கு நார்சிசிஸ்ட் வியாதிம்மா, அவன் என்ன செய்வான், புரொடெக்‌ஷன் ஆர்டரை வாபஸ் வாங்கிடு." புருஷன் அடித்துக் கையில் கட்டோடு நின்ற பெண்ணிடம் பெரியவர்கள் சொன்னது இதுதான். அவன் அவளை அடிக்கக் கூடாது என்று கோர்ட் தந்த பாதுகாப்பு ஆணைதான் அந்த ஆர்டர். அவன் எந்த டாக்டரிடமும் போனதில்லை. தன்னையே பெரிதாக நினைக்கும் ஆளுமைக் கோளாறைத்தான் நார்சிசிஸ்ட் வியாதி என்கிறார்கள்; இவனுக்கு அது யாரோ யூடியூபில் பார்த்துவிட்டு வந்து சொன்ன வியாதி.

ஆளுமைக் கோளாறு நிஜமான நோய். இளவயதில் தொடங்கி வீடு, வேலை, நட்பு என்று போகிற இடமெல்லாம் கூடவே வரும். மனநல மருத்துவர் உட்கார்ந்து விசாரித்துத்தான் அதைச் சொல்ல முடியும். சமூகவிரோத ஆளுமைக் கோளாறு மாதிரி சிலவற்றில் அடிதடி அதிகம், மறுக்கவில்லை. ஆனால் மனைவியை அடிக்கிற எல்லோருக்கும் கோளாறு இல்லை. கோளாறு உள்ள எல்லோரும் அடிப்பதும் இல்லை.

என் பெரியப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். ஃபோர்மேன் எவ்வளவு கத்தினாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்து பெரியம்மாவை அடிப்பார். அடிக்கும் முன் ஜன்னலைச் சாத்துவார், ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். சத்தம் கூடினாலே பிள்ளைகள் நாங்கள் கொல்லைக்கு ஓடிவிடுவோம். தன் வசத்தில் இல்லாதவருக்கு ஜன்னல் ஞாபகம் வருமா?

"உனக்கு இரக்கமே இல்லையா" என்பீர்கள். என் தங்கைக்கு பார்டர்லைன், அதாவது உணர்ச்சிகள் கட்டுக்குள் நிற்காத ஆளுமைக் கோளாறு, என்று டாக்டர் சொல்லிப் பதினொரு வருஷம் ஆகிறது. யார் மேலும் அவள் கை வைத்ததில்லை. அறுத்துக்கொண்டதெல்லாம் தன் கையைத்தான். தைப்பூசக் காவடிக்கு டர்பன் புழுக்கத்திலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். அந்த நோய்க்கான சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹனே பதினேழு வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 2011இல் அவரே அதை வெளியே சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் தங்கை ஒழுங்காக சிகிச்சைக்குப் போக ஆரம்பித்தாள். ஞாயிறன்று அவளும் மண்டபத்தில் இருந்தாள். "இந்த மாதிரி வியாதிக்காரங்க அடிக்கத்தான் செய்வாங்க" என்று ஒருவர் சொன்னதும், முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

சரி, அவனுக்கு நிஜமாகவே கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்குப் போகட்டும், நானே டாக்டரைக் காட்டுகிறேன். அதற்கு அவள் எதற்கு ஆணையை விட்டுக்கொடுக்க வேண்டும்? நம் நாட்டின் 1998 குடும்ப வன்முறைச் சட்டத்தில், பெண்ணே வந்து ரத்து கேட்டாலும், சொந்த விருப்பத்தில்தான் கேட்கிறாளா என்று கோர்ட் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பத்துப் பெரியவர்கள் சுற்றி நின்று கேட்டால் அது என்ன விருப்பம்? "குடும்பம் சிதறிவிடும்" என்கிறீர்கள். அவள் கை முறிந்த அன்று எங்கே போயிருந்தீர்கள்?

வியாழக்கிழமை அவளுக்குக் கோர்ட். இறுதி ஆணை கிடைக்குமா என்று அன்றுதான் தெரியும். நானும் தங்கையும் கூடப் போகிறோம்.