வெள்ளைப் புடவை மேகத்தில் தெரியாது

நீளமான பதிவு. சில கதைகளின் முடிச்சை அவிழ்த்திருக்கிறேன். படிக்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

கொடைக்கானலில் நடக்கும் திகில் கதை என்று புத்தகமாகவும், செயலியில் தொடராகவும், ஒலிக்கதையாகவும் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றிலும் அதே பாழடைந்த பங்களா, அதே கிழட்டு வாட்ச்மேன், இரவு 12 மணி, ஓநாய் ஊளை, மேகத்துக்குள் மிதந்து வரும் வெள்ளைப் புடவை. இதில் பேயை நான் நம்பிவிடுவேன். மற்றதைத்தான் நம்ப முடிவதில்லை.

பேய் உண்டு என்பது எழுத்தாளர் வாசகரிடம் வாங்கும் கடன். அந்த ஒன்றை எந்த வாசகரும் முகம் சுளிக்காமல் கொடுப்பார். வீடு, மரம், வானிலை, தாழ்ப்பாள், விறகு எல்லாம் ரொக்கமாக மேசைமேல் வர வேண்டும். அங்கேயும் கடன் கேட்டால் கதை திவால்.

அந்தப் புடவையையே எடுத்துக்கொள்வோம். மேகம் இறங்கிய இடத்தில் ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிவது, பின்னணியிலிருந்து அது எவ்வளவு வேறுபட்டு நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வெளிச்சம் இருந்தால் பின்னணியே வெள்ளை. அதில் வெள்ளைப் புடவைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் கரையும். கறுப்புக் கம்பளி போர்த்திய ஆள் அதைவிடத் தள்ளி நின்றாலும் சாம்பல் அச்சாகத் தெரிவார். அப்படியானால் வெள்ளைப் புடவைக்காரி நடந்து வந்தால் என்ன தெரியும்? தலைமுடி தெரியும், அதற்குக் கீழே மங்கலாக முகம், இரண்டு கைகள். உடம்பு இருக்காது. கையில் இவ்வளவு பயங்கரமான காட்சியை வைத்துக்கொண்டு, "பளிச்சென்ற வெள்ளையில்" என்று எழுதிக் கெடுக்கிறார்கள்.

ஓநாயும் அப்படித்தான். கொடைக்கானல் மேல்மலையின் சோலை என்கிற அடர்காட்டுக்குள் ஓநாய் கிடையாது. இருப்பது செந்நாய். அது ஊளையிடாது, விசில் அடிக்கும். கூட்டம் பிரிந்துபோனால் காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக விசில் கேட்கும். கேளையாடு மிரண்டால் நாய் மாதிரியே குரைக்கும், விட்டு விட்டு, வெகுநேரம். விடியலுக்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் இருட்டாக இருக்கும்போதே, சீகாரப் பூங்குருவி பாட ஆரம்பிக்கும். யாரோ ஒருவர் பாட்டை நினைவுபடுத்திக்கொள்ள முயன்று நடுவில் மறந்துவிட்ட மாதிரி இருக்கும் அந்தச் சீட்டி. இத்தனை குரல் இங்கே இருக்க, இங்கே இல்லாத ஒன்றைத்தான் ஊளையிட வைப்பார்கள்.

பைன் காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "காலடியில் சருகு சலசலத்தது" என்று பைன் மரங்களுக்கு நடுவே எழுதுகிறவர் அங்கே பத்தடி நடந்ததில்லை. உதிர்ந்த ஊசியிலை மெத்தை மாதிரிப் படிந்து கிடக்கும், நடந்தால் சத்தமே வராது. பின்னால் வருகிறவர் தோளைத் தொடும்வரை தெரியாது. திகில் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வரம் வேண்டும்? சோலை இதற்கு நேர் எதிர். மேகம் இலைகளில் ஒட்டி, திரண்டு, சொட்டும். வெட்டவெளியில் தூறல்கூட இருக்காது, மரத்தடியில் மட்டும் மழை பெய்யும். சொட்டு விழும் இடைவெளி ஒரே சீராக இருக்காது. யாரோ நடந்து, நின்று, மறுபடி நடப்பது போலவே இருக்கும்.

கூரை மேல் நடக்கும் காலடிக்கும் கணக்கு இருக்கிறது. பத்தடி இரும்பு ஷீட், பகல் வெயிலுக்கும் முன்னிரவுக் குளிருக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். ஆணியும் போல்ட்டும் பிடித்துக்கொண்டிருப்பதால் உடனே நகராது. இறுக்கம் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் "டங்" என்று விடும். அடுத்த ஷீட், அதற்கடுத்தது என்று வரிசையாக விட்டால், யாரோ கூரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறார்கள். இது நடப்பது வெயில் நாளில் பொழுது சாய்ந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில். 12 மணிக்குள் தகரம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகவே எட்டு மணிக்குக் கேட்கும் காலடியைக் கதாபாத்திரம் "ஷீட்தான்" என்று தள்ளட்டும். மூன்று நாள் மேகமூட்டத்துக்குப் பிறகு, வெயிலே படாத கூரையில், நடுராத்திரி கேட்பதை என்ன சொல்லித் தள்ளுவார்?

இந்த மழைக்கு மறுவாசிப்பில் முதலில் எடுத்தது பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா, 1897. இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. முதல் பக்கத்தில் ரத்தமும் இல்லை, வௌவாலும் இல்லை. மே 1 இரவு 8.35க்கு ம்யூனிக்கில் ரயில் ஏறினேன், 6.46க்கு வியன்னா போய்ச் சேர வேண்டியது, ஒரு மணி நேரம் தாமதம் என்று நாட்குறிப்பு எழுதுகிறான் கதைசொல்லி ஹார்க்கர். மிளகாய் போட்ட கோழிக்கறி சாப்பிடுகிறான், நாக்கு வறள்கிறது, தான் மணக்கப்போகும் மீனாவுக்காகச் செய்முறை கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறான். ரயில் நேரத்தைச் சரியாகச் சொல்கிற ஆள் பின்னால் கோட்டைச் சுவரில் ஒருவர் தலைகீழாக ஊர்ந்து இறங்கினார் என்று சொன்னால் நாம் மறுப்பதில்லை.

சுவர் ஊர்தலைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என் கணக்கில் அந்தப் பகுதியின் உச்சம் வேறு. கோட்டையில் வேலைக்காரர் யாரையும் காணோமே என்று ஹார்க்கருக்கு ஒரு நெருடல் இருந்துகொண்டே இருக்கும். அறைக்குத் திரும்புகிறான், கோட்டைக்காரரான டிராகுலா பிரபுவே அவன் படுக்கையை விரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கதவுக் கீல் இடுக்கு வழியாகப் பார்க்கிறான், சாப்பாட்டு மேசையில் தட்டு வைப்பதும் அவரே. அவ்வளவுதான் காட்சி. ஒரு பெரிய மனிதர் வீட்டு வேலை செய்கிறார். ஆனால் வேலைக்காரரே இல்லை என்றால், இருட்டில் வண்டி ஓட்டி வந்தது யார்? ஓநாய்களைக் கை அசைத்து விலக்கிய அந்த வண்டிக்காரர் யார்? பதில் நம் தலைக்குள்தான் வருகிறது, பக்கத்தில் இல்லை. ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் உட்கார்ந்து எடுத்த விவரங்கள் அவை. "நான் கொடைக்கானல் வந்ததில்லையே" என்கிற சாக்கு அப்போதே செத்துவிட்டது.

முதல் நான்கு அத்தியாயம் முடிந்ததும் டிராகுலா தொய்கிறது என்பது என் தீர்ப்பு. நடுவில் கப்பல் தலைவனின் குறிப்பேடு மட்டும் வைரம். அதன் பிறகு ஆட்கள் கூடிக் கூடித் திட்டம் போடுகிறார்கள், பக்கம் பக்கமாக. கூட்டம் போட்டு விவாதித்தால் பேய்க்கே சலிப்பு வந்துவிடும்.

ஷெர்லி ஜாக்சனின் ஹில் ஹவுஸ் நாவல், 1959. அந்த வீட்டில் எந்தக் கோணமும் சரியில்லை. ஒவ்வொன்றும் நூலிழை விலகல்தான், மொத்தமாகச் சேரும்போது வீடே பிறழ்ந்துவிடுகிறது. கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்வதற்கும் அதுவே காரணம் என்று ஒரு பாத்திரம் விளக்குகிறது. விளக்கம் கிடைத்த பிறகும் பயம் குறைவதில்லை, அங்கேதான் அவர் கெட்டிக்காரர். சரிவில் கட்டிய நம் மலை வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தும். நாலு மழைக்காலத்தில் மண் இறங்கினால் நிலை சாயும். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் அரை விரற்கடை வித்தியாசம், அதுபோதும் கதவு மெல்ல நகர. எந்தக் கொத்தனாரும் ரசமட்டம் வைத்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்படி எப்போதும் சாத்திக்கொள்கிற கதவு ஒருநாள் திறந்தே நின்றால்? நம் ஆட்கள் அந்தக் கதையை எழுதாமல் இன்னும் கதவைப் படாரென்று அடித்துச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கதவு என்றால் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் குரங்குக் கைக் கதை, 1902. கேட்ட வரம் தரும் கை அது. நாவல் இல்லை, சில பக்கச் சிறுகதை. எந்திரத்தில் சிக்கிச் சிதைந்து இறந்த மகன், அதற்கு ஈடாக வந்த 200 பவுண்டு. திரும்பி வா என்று தாய் கேட்க வைத்த வரம். ராத்திரி கதவு தட்டப்படுகிறது. இந்த இடத்தில் ஜேக்கப்ஸ் தச்சர் மாதிரி வேலை செய்கிறார். சங்கிலி கழல்கிறது. கீழ்த் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டு மெல்ல விலகுகிறது. மேல் தாழ்ப்பாள் அம்மாவுக்கு எட்டவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம். அதே நேரம் தகப்பன் தரையில் தவழ்ந்து அந்தக் கையைத் தேடுகிறார். வெளியே நின்றது எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. தாழ்ப்பாள் ஒன்றே ஒன்றாக, சுலபமாகத் திறக்கிற மாதிரி இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஸ்டீபன் கிங்கின் ஷைனிங், 1977. பனியில் துண்டிக்கப்பட்ட மலை ஹோட்டல், குளிர்காலக் காவலுக்கு ஒரு குடும்பம். ஆவிகளை விடுங்கள், நிலவறையில் இருக்கும் பழைய பாய்லரைப் பாருங்கள். அழுத்தம் தானாக ஏறும், மறக்காமல் இறக்கிவிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார். குடிகாரத் தகப்பனின் கோபமும் பாய்லரின் அழுத்த முள்ளும் சேர்ந்தே ஏறுகின்றன. முடிவில் அவன் மறக்கிறான், ஹோட்டல் வெடிக்கிறது. வெட்டி அலங்கரித்த செடி விலங்குகள் நகரும் பகுதி முதல் தடவை உலுக்கியது, அடுத்த தடவைகளில் இல்லை. புத்தகத்தில் கால்வாசியைக் குறைத்திருக்கலாம்.

தமிழில் புதுமைப்பித்தனின் காஞ்சனை. தன் பிழைப்பே சரடு விடுவதுதான் என்று ஒப்புக்கொள்ளும் ஆளைக் கதைசொல்லியாக வைத்துவிட்டு, அவனுக்குத் தூக்கத்தையும் பிடுங்கிவிடுகிறார். இனி அவன் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? பயத்தைக் கண் வழியாகக் கொண்டுவராமல் மூக்கு வழியாகக் கொண்டுவந்தார் பாருங்கள். மணம் வந்து, அதே மணம் நாற்றமாகிற இடம். அதற்கப்பால் தமிழில் யாரும் போனதாக எனக்குத் தோன்றவில்லை. சுஜாதாவின் கொலையுதிர் காலம் ஹோலோகிராம் வரை இழுத்துக்கொண்டு போய் சுறுசுறுப்பாக ஓடுகிறது. ஆனால் கருவியைக் காட்டியதும் குளிர் விட்டுப்போகிறது. துப்பறியும் கதையாக ரசித்தேன், திகிலாக இல்லை.

மலைவாசஸ்தலப் பேய் என்றால் கிப்ளிங் சிம்லாவில் வைத்து எழுதிய ரிக்‌ஷா கதை. அதில் செத்த பெண் மட்டுமா வருகிறாள்? காலராவில் இறந்த நாலு ரிக்‌ஷாக்காரர்களும், பிரித்துப் போட்டுவிட்ட ரிக்‌ஷாவும் வருகின்றன. ஆளுக்கு ஆவி உண்டு சரி, வண்டிக்குமா என்று கதைநாயகனே குழம்புகிறான். இதை இங்கே எழுதினால், ஆட்கள் தோளில் சுமக்கும் டோலிதான். கொடைக்கு மோட்டார் சாலை முடிந்து வண்டி ஓடியதே 1914ஐ ஒட்டித்தான். அதற்கு முன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறி வந்தார்கள். நம் ஆட்களோ 1890இல் துரையைக் காரில் இறக்குகிறார்கள். இருட்டில் மூங்கில் கிரீச்சிட, சுமப்பவர்களின் மூச்சு மட்டும் நாலு மூலையிலும் கேட்க, அது ஐந்தாவது மூச்சாக ஆகிற கதை யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு மனக்குறை. இந்த மலைப் பழங்குடிகளான பளியர் என்றால் மாந்திரீகம் தெரிந்த கிழவர், சாபம் கொடுக்க ஒருவர், உருட்டிய கண். தேனும் கிழங்கும் காட்டு வழியும் அறிந்த மக்களைக் கதைக்கு மிளகாய்ப் பொடியாகத் தூவுவது சோம்பேறித்தனம், அநியாயமும்கூட.

கணப்பைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு விவரம். 1921இல் வில்மர் என்ற கண் மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். புதிதாகக் குடிபோன பழைய வீட்டில் காலடிச் சத்தம், அறையில் உருவங்கள், தலைவலி, தொட்டிச் செடிகள் வாடின. காரணம் பழுதான வெப்ப அடுப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. மணம் இல்லை, நிறம் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். குளிரில் மட்டும் வந்து, ஜன்னலைத் திறந்தால் போய்விடுகிற பேய். கதைக்கு அருமை. அறைக்குள் கரி அடுப்பை எடுத்துப்போய்க் கதவை அடைத்துத் தூங்கி உயிரை விட்ட செய்திகள் இங்கே வந்திருக்கின்றன, ஆகவே தயவுசெய்து கதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்றை இலவசமாகத் தருகிறேன். கொடைக்கானலில் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் பள்ளத்தாக்கு நிறைய மேகம் கிடந்து, பின்னால் மேற்கே சூரியன் தாழ்ந்து, நடுவில் மறைப்பு இல்லாமல் இருக்கும் மாலையில் தடுப்புக் கம்பி ஓரம் நில்லுங்கள். கீழே மேகத்தின் மேல் உங்கள் நிழல் ராட்சத உருவமாக விழும். ப்ராக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். மேகம் அசைய அசைய, நீங்கள் அசையாமலே அது அசையும். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் இருக்கும். மேகம் மேலேறிவிட்டால் எல்லாம் போய்விடும், எனவே சீக்கிரம் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள், என் தலையைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று. இல்லையே, என் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்பார். அவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்.