அதுக்கு அங்கே என்ன வேலை?

ரயிலில் அடிபட்டு யானை செத்தது, கரடி செத்தது என்று செய்தி வந்தால் போதும், கீழே வரிசையாக கமெண்ட் விழும். டிரைவர் பிரேக் போட்டிருக்கலாமே என்பார்கள். முழு லோடோடு வரும் சரக்கு ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேலேகூட ஆகும், அவர் பாவம் என்ன செய்வார்? அடுத்த ஆள், அதுக்கு தண்டவாளத்தில் என்ன வேலை என்று நக்கலாகக் கேட்பார். எனக்கென்னவோ அதுதான் உருப்படியான கேள்வி.

நிறைய வேலை இருக்கிறது. காட்டை வெட்டி லைன் போட்டதும் ஓரமெல்லாம் வெயில் விழுந்து புல்லும் இளந்தழையும் தளதளவென்று வளர்ந்துவிடும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா வழியாகப் போகும் வேகன்களிலிருந்து தானியம் சிந்துகிறது, ஜல்லிக்கு நடுவே கிடக்கும் அதைத் தின்ன கிரிஸ்லி கரடி வருகிறது. ஸ்வீடனில் அடிபட்ட மானைக் கொத்த இறங்கும் கழுகு அடுத்த ரயிலில் மாட்டுகிறது. பந்தி விரித்தது நாம், பழி மட்டும் அதுக்கு!

நார்வேயில் பனி. மலையில் பனி ஆழமானால் மூஸ் மான்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கும், ரயில் பாதையும் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து நடந்து களைத்த மிருகத்துக்குப் பனி அள்ளிய தண்டவாளம் ராஜபாட்டை. ரயில் வந்தால் இருபக்கமும் பனிச்சுவர், ஏற முடியாமல் ரயிலுக்கு முன்னாலேயே நேராக ஓடும். பனியே இல்லாத ஊரிலும் மலையை வெட்டிப் பள்ளமாக்கிப் போட்ட வெட்டுப் பாதையில் இதே கதைதான், அங்கே சுவர் மண்ணாலானது, குட்டியால் ஏற முடியாது, குட்டியை விட்டுக் கூட்டமும் நகராது. 2010 செப்டம்பரில் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரே சரக்கு ரயிலில் 7 யானைகள் செத்தன, தண்டவாளத்தில் நின்ற குட்டிகளைக் காக்கப் போய்த்தான் மற்றவையும் மாட்டின என்று அப்போது செய்தி வந்தது.

அவ்வளவு பெரிய ரயில் சத்தம் கேட்காதா? வளைவில் மலை மறைக்கும், பக்கத்தில் ஆறு இரைந்தால் அதுவும் அமுக்கிவிடும்.

வேகத்தைக் குறைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு சிந்தியதை அள்ளுங்கள், செத்ததை உடனே அப்புறப்படுத்துங்கள், ஓரத்துப் புதரை வெட்டுங்கள், வெட்டுப் பாதையின் சரிவைக் குட்டி ஏறுகிற அளவுக்குத் தணியுங்கள். அப்புறம் வேலி. கீழே சுரங்கவழியோ மேலே பாலமோ விடாமல் வேலி மட்டும் போட்டால், அது முடிகிற இடத்தில் உள்ளே நுழைந்த விலங்கு வெளியே வரத் தெரியாமல் லைனோடு ஓடும். அதுக்கு வேலியே போடாமல் இருக்கலாம்.