விதி இல்லைங்க, பாராசிட்டமால்

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் தமிழ் வாட்ஸப் குழுவில் போன வாரம் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் ஸ்க்ரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லி அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டது யார் என்று எழுதமாட்டேன். வயதில் பெரியவர். பிள்ளையார் சதுர்த்தி வந்தால் முதல் தட்டுக் கொழுக்கட்டை அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர்.

ஆனால் நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும் பாராசிட்டமால் பாராசிட்டமால்தான். நான் சொன்னது இவ்வளவுதான். இதற்குத்தான் குழுவிலிருந்து தூக்கினார்கள். தூக்கிய அட்மின், என் அப்பாவின் காரியத்தன்று கூட நின்று எல்லாம் பார்த்தவர். சரி, போகட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி விங் மூன்றாம் மாடிப் பெண்ணின் பூனை லட்டு. நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து செம்பூரில் தனியாக இருக்கிறாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பூனை ஒன்றுதான். சனிக்கிழமை ராத்திரி, லட்டு சாப்பிடவில்லை, சுருண்டு கிடக்கிறது, காது சுடுகிறது என்று குழுவில் கேட்டாள். உடனே வாய்ஸ் மெசேஜ்: "குழந்தைக்குக் குடுக்கிற மாதிரி அரை மாத்திரை பொடி பண்ணிக் குடும்மா, காலைல எந்திரிச்சு ஓடும்." கீழே ஏழெட்டுக் கைகூப்பல். கொடுத்தாள். விடியற்காலையில் இன்னும் சுடுகிறதே என்று மீதி அரையையும் கொடுத்தாள். நான் போனைப் பார்த்தது எட்டு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை தூங்கினதும் என் குற்றம்தான் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குள் ஈறு பழுப்பு நிறமாகிவிட்டது. முகம் உப்பியது, பாதங்கள் வீங்கின. திங்கள் விடியும்போது லட்டு இல்லை.

அப்புறம் குழுவில் அஞ்சலி. "விதி." "ஆயுசு அவ்வளவுதான்." "வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு." இரண்டு வயதுப் பூனைக்கு ஆயுசு முடிந்துவிட்டதாம். நான் எழுதினேன்: "விதி இல்லைங்க, 500 மில்லிகிராம் பாராசிட்டமால்."

இந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவும்.

"நீ என்ன டாக்டரா?" என்று கேட்டார்கள். இல்லை. மாசாமாசம் நாலு கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவள். ஆனால் வாய்ஸ் மெசேஜ் போட்டவரும் டாக்டர் இல்லையே. அவரிடம் ஏன் யாரும் சர்டிஃபிகேட் கேட்கவில்லை? கொடு என்று சொல்கிறவருக்குப் படிப்பு வேண்டாம், கொடுக்காதே என்கிறவள் மட்டும் பி.வி.எஸ்சி. என்ற கால்நடை டாக்டர் படிப்பை முடித்திருக்க வேண்டும். நல்ல நியாயம்.

நம் உடம்புக்குள் போகிற பாராசிட்டமாலைக் கல்லீரல் ஒரு நொதியின் துணையோடு மூட்டை கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பூனைக்கு அந்த நொதி மிக மிகக் குறைவு. வெளியேற வழியில்லாத மருந்து விஷமாக மாறி ரத்தச் சிவப்பணுவைத் தாக்குகிறது. ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, ரத்தமே சாக்லெட் நிறத்துக்குப் போய்விடும். ஈறு பழுப்பானது அதனால்தான். மூச்சு இழுக்கும், காற்று உள்ளே போகும், உடம்புக்குப் போய்ச் சேராது. மாற்று மருந்து இருக்கிறது. நமக்குச் சளியை இளக்கக் கொடுக்கிறார்களே, அந்த அசிட்டைல்சிஸ்டைன்தான். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, அதுவும் டாக்டர் கையால். இதைப் படித்துவிட்டு அதையும் நீங்களே வாங்கிக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

"குழந்தைக்குக் குடுக்கிற மாதிரி." இந்த வார்த்தைதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கொஞ்சும்போது குழந்தை என்று சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? நானும் என் நாயை "வாடா கண்ணு" என்றுதான் கூப்பிடுகிறேன். மாத்திரையை உடைக்கும்போது மட்டும் அது குழந்தை இல்லை. நாய் நாய், பூனை பூனை.

உதாரணம் சொல்கிறேன். என் அம்மாவுக்குத் தைராய்டு. தினம் 75 மைக்ரோகிராம். கீழ்வீட்டு கோல்டன் ரிட்ரீவருக்கும் தைராய்டு குறைவு, எடை 30 கிலோ. அதற்கு டாக்டர் எழுதியிருப்பது 600 மைக்ரோகிராம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு நாளைக்கு அம்மாவைப் போலப் பதினாறு மடங்கு! அம்மா கேட்டுவிட்டு, "டாக்டர் சைபரை மாத்திப் போட்டுட்டாரோ" என்றாள். இல்லை, நாயின் உடம்பு அந்த மருந்தை அவ்வளவு வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடுகிறது. ஒரு மருந்தில் பதினாறு மடங்கு வேண்டும், இன்னொரு மருந்தில் அரை மாத்திரை உயிரைக் குடிக்கும். இதில் எங்கே உங்கள் குழந்தைக் கணக்கு?

கெட்டிக்காரர்கள் சிலர் வருவார்கள் என்று தெரியும். ஒருவர் இன்பாக்ஸிலேயே வந்துவிட்டார். "உங்க வெட் டாக்டரும் நம்ம கெமிஸ்ட்ல கிடைக்கிற மாத்திரையைத்தானே எழுதறார்?" ஆமாம், அதைத்தான் எழுதுகிறார். என் நாய் பாண்டிக்கு இப்போது உண்ணிக் காய்ச்சல். மழைக்காலம், ஜூன் மாத உண்ணி மாத்திரையை நான் மறந்துவிட்டேன், வந்துவிட்டது. பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது 41 ஆயிரத்தில் நின்றது. எழுதிக்கொடுத்தது டாக்சிசைக்ளின், மனிதர்கள் சாப்பிடுகிற அதே அட்டை. பாண்டி 20 கிலோ, கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆக ஒரு நாளைக்கு 200. அறுபது கிலோ மனிதனுக்கும் பல நோய்களுக்கு இதே அளவுதான். மாத்திரை ஒன்றாக இருக்கலாம். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதுகிற கை ஒன்றில்லை. அதற்குத்தான் அவர் அஞ்சு வருஷம் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

அதையும் முழுசாகக் கேட்கிறோமா? 28 நாள் என்று எழுதினார். மூன்றாம் நாளே பாண்டி எழுந்து வாட்ச்மேனைப் பார்த்துக் குரைத்தான். பக்கத்து வீட்டிலிருந்து உடனே அறிவுரை: "அதான் சரியாயிடுச்சே, எதுக்கு ஆன்ட்டிபயாடிக்கை ஊட்டிக்கிட்டே இருக்கே?" பாதியில் நிறுத்தினால் கிருமி ஒளிந்துகொண்டு திரும்ப வரும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி. பாலிலோ தயிரிலோ கலந்தால் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பூனைக்கு என்றால் இன்னும் மோசம், பின்னாலேயே தண்ணீர் போகாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ஒரே ஒரு மருந்துக்கே இவ்வளவு இருக்கிறது. நாய் முதுகில் விடுகிற பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனை மேல் பட்டால் வலிப்பு வரும், தெரியுமா? பெட் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் தொங்குகின்றன.

நாட்டு மருந்துக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இன்றைக்கு இல்லை. சொறிக்கு எஞ்சின் ஆயில் தடவுகிற ஊரில் பப்பாளி இலைச் சாறு எவ்வளவோ தேவலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நம் மும்பையிலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது, மலபார் ஹில் டூங்கர்வாடியில். பார்ஸிகள் இறந்தவர்களை அமைதிக் கோபுரத்தில் வைப்பார்கள், பிணந்தின்னிக் கழுகுகள் வந்து காரியத்தை முடிக்கும். எத்தனையோ தலைமுறையாக நடந்தது. 90-களிலிருந்து கழுகு வரவில்லை. நாடு முழுக்கவே வெண்முதுகுப் பாறு என்கிற இந்தக் கழுகுகள் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோயின. உடலை உலர்த்தச் சூரிய ஒளியைக் குவிக்கும் தகடுகளைக் கோபுரத்தில் வைக்க வேண்டி வந்தது. ஏன் என்று 2004-இல்தான் தெரிந்தது. மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, நமக்கும் ஆவதில்லை. அந்த மாடு செத்தபின் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். எனக்கு ஒத்துக்கொள்கிறது, அதனால் அதற்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தால் வானத்தில் இருக்கிறதுகூடச் செத்து விழும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், படித்துத் தெரியவில்லை. கொடுத்துத் தெரிந்தது.

2011. அப்போது தாராவியில் இருந்தோம். பாண்டிக்கு முன்னால் ராஜா. பதினொரு வயது, பின்னங்கால் வலி, படியேற முடியாமல் அழுவான். அப்பாவின் முட்டிவலி மாத்திரை அலமாரியில் இருந்தது. அதே டைக்ளோஃபெனாக். பாதிதானே என்று சப்பாத்திக்குள் வைத்துக் கொடுத்தேன். மூன்று நாள் கொடுத்தேன். வாலாட்டினான், நடந்தான். எனக்கு அவ்வளவு பெருமை, தெருவெல்லாம் சொன்னேன். நாலாம் நாள் தார் மாதிரி கறுப்பாக மலம், அப்புறம் ரத்த வாந்தி. பரேலில், சர் தின்ஷா பெட்டிட் என்ற பார்ஸிச் செல்வந்தர் 19-ஆம் நூற்றாண்டில் மனைவி பெயரில் ஏற்படுத்திய மிருக ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் தேறவில்லை, நாலு மாதம்தான். அங்கிருந்த டாக்டர் திட்டவில்லை. "இன்னும் யாராவது கொடுத்தால் கொடுக்காதே என்று சொல்லும்மா" என்றார். அதைத்தானே சொன்னேன்?

கழுகுக்கு ஆபத்தில்லை என்று சோதித்துப் பார்த்து மாற்றாக வந்தது மெலாக்சிகாம். நாய்களுக்கு வலி என்றால் இப்போது பல சமயம் எழுதுவதும் அதுதான். முதல் நாள் தாண்டியபின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். பாண்டிக்கு இரண்டு மில்லிகிராம். கெமிஸ்ட்டிடம் மனிதர்களுக்கு இருக்கும் மாத்திரை 15. ஒன்றை அப்படியே கொடுத்தால் எத்தனை மடங்கு? கணக்கு எழுதுகிறவள் சொல்கிறேன், ஏழரை. பேர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

காசு பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் உண்மை இருக்கிறது. பாண்டிக்கு முதல் நாள் மட்டும் ரத்தப் பரிசோதனை, ஊசி, மருந்து என்று 4,300 ரூபாய். சும்மா இல்லை. தேவையில்லாத டெஸ்ட் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கே நடந்திருக்கிறது, சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் "செம்பூரில் ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு பேசலாம்" என்று எழுதினீர்களே, அது யாருக்கு? பத்துக்குப் பத்து அறையில் அஞ்சு பேரும் ஒரு நாயுமாக இருந்தவளுக்கா? ராஜாவுக்காக அம்மா வளையலை வைத்தாள். அதை நான் எங்கேயும் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

"ராத்திரி பதினொரு மணிக்கு எந்த டாக்டர் இருப்பார்?" என்றும் ஒருவர் கேட்டார். காலைவரை சும்மா இருந்திருக்கலாம் சார். ஒன்றும் கொடுக்காமல் இருப்பதற்கு எந்த டாக்டரும் வேண்டாம்.

"ஒரு பூனைக்காகப் பெரியவர் மனசைப் புண்படுத்திட்டீங்க." இதுதான் அதிகம் வந்தது. பெரியவர் மனசு. சரி. பூனை பெரியவர் இல்லை, அதன் மனசு கணக்கில் வராது.

ஆனால் நிஜமாகப் புண்பட்டது யார் மனசு என்று என்னை யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி கதவைத் தட்டினாள் அந்தப் பெண். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே கேட்டாள். "அக்கா, அந்த 500 மில்லிகிராமைக் குடுத்தது நான்தானே?"

நான் எழுதினது அவளுக்கு இல்லை. விதி என்று சொன்னவர்களுக்கு. கைகூப்பினவர்களுக்கு. அவள் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள், அவளும் படிப்பாள் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. கோபத்தில் இருக்கிறவளுக்கு எது தோன்றும்? நான் சொன்னது பொய்யா? பொய் இல்லை. வேறெப்படிச் சொல்வது? மெதுவாகச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? கைகூப்பிவிட்டு அடுத்த குட்மார்னிங்குக்குப் போயிருப்பார்கள். அந்த வரியை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். குழுவில் இல்லாதவள் அழிக்கவும் முடியாது. அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

அவளிடம் ராஜா கதையைச் சொன்னேன். வளையல்வரைக்கும். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஒன்பது மணியாகப்போகிறது. பாண்டிக்கு இன்று 19-ஆம் நாள். முதலில் சோறு, அப்புறம் இட்லித் துண்டுக்குள் மாத்திரை. புதன்கிழமையிலிருந்து அவள்தான் இறங்கி வந்து ஊட்டுகிறாள். அட்டையில் இருப்பதையும் சீட்டில் இருப்பதையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரியா அக்கா என்று என்னிடமும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பிய்க்கிறாள்.