லுங்குவின் ஓட்டு குறையவே இல்லை

சாம்பியாவின் 2021 அதிபர் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "தெற்கே தோங்கா ஓட்டு, வடக்கே பெம்பா ஓட்டு" என்று இனக்கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆட்சி ஏன் மாறியது என்பதற்கு அதில் பதில் கிடையாது. இந்த எண்களைக் கொஞ்சம் பாருங்கள்.

2016இல் அதிபராக இருந்த எட்கர் லுங்கு 18,60,877 ஓட்டு. எதிர்க்கட்சியின் ஹகைன்டே ஹிச்சிலேமா 17,60,347.
2021இல் லுங்கு 18,70,780. ஹிச்சிலேமா 28,52,348.

லுங்கு மேலும் ஐந்து வருடம் ஆண்ட பிறகும் பத்தாயிரம் ஓட்டு கூடத்தான் வாங்கியிருக்கிறார். வாங்கியும் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். 56 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 70ஐத் தாண்டியது. கூடுதலாக விழுந்த ஓட்டுகளின் நிகரப் பலன் ஏறக்குறைய மொத்தமும் ஹிச்சிலேமாவுக்குப் போனது.

இதில் பெரிய பங்கு லூசாகாவுக்கும், செம்புச் சுரங்கங்கள் இருக்கும் காப்பர்பெல்ட்டுக்கும் உண்டு. நாட்டின் வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த இரண்டு மாகாணத்துக்காரர். 2016இல் இரண்டும் லுங்கு பக்கம். 2021இல் இரண்டும் கைமாறின. கிழக்கு, லுவாபுலா, முச்சிங்கா, வடக்கு ஆகிய நான்கு மாகாணங்களை மட்டும் அவர் தக்கவைத்தார், அங்கேயும் முன்பிருந்த இடைவெளி சுருங்கியது.

நகரமும் கிராமமும் அங்கே மோதிக்கொள்ளும் இடம் மக்காச்சோளம். கிராமத்து விவசாயி 400 குவாச்சா (அந்நாட்டு நாணயம்) கட்டினால் அரசு மானியத்தில் உர மூட்டையும் விதையும் கிடைக்கும். ஏறக்குறைய பத்து லட்சம் விவசாயிகள் இந்தத் திட்டத்தில் இருந்தார்கள். அறுவடை முடிந்ததும் அரசின் உணவு இருப்பு முகமை 50 கிலோ மூட்டையாகக் கொள்முதல் செய்யும். விவசாயிக்கு அந்த மூட்டை நல்ல விலைக்குப் போகவேண்டும். லூசாகாவின் கன்யாமாவில் வாடகை வீட்டில் இருப்பவரோ, தினமும் ன்ஷிமா என்ற சோளக் களி கிளற 25 கிலோ மாவு மூட்டை வாங்குகிறார். அவருக்கு அதே சோளம் மலிவாக வேண்டும். கொள்முதல் விலையை ஏற்றினால் நகரம் கொதிக்கும், இறக்கினால் கிராமம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இரண்டு பக்கமும் மானியம் கொடுத்தால் கஜானா காலி. சாம்பியாவின் எந்த ஆட்சியும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பியதில்லை.

1986 டிசம்பரில் மாவு மானியத்தை வெட்டியதும் காப்பர்பெல்ட்டில் கலவரம். 1990 ஜூனில் மாவு விலை இரட்டிப்பானதும் லூசாகாவில் கலவரம். அடுத்த ஆண்டே, 27 வருடம் ஆண்ட கென்னத் கவுண்டா 24 சதவீத ஓட்டோடு வீட்டுக்குப் போனார். தொழிற்சங்கங்களின் தோளில் ஏறி அவரைத் தோற்கடித்து வந்த எம்எம்டி கட்சி, பிறகு நகரத்தைத் தொலைத்துவிட்டுக் கிராமத்தில் போய் ஒதுங்கியது. 2006இல் எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் சாட்டா லூசாகாவையும் காப்பர்பெல்ட்டையும் வாரினார். 2008இல் எம்எம்டியின் ருபியா பண்டாவிடம் வெறும் 35 ஆயிரம் ஓட்டில் தோற்று, 2011இல் ஜெயித்தார். அவருடைய பிஎஃப் கட்சியும், அவருக்குப் பின் லுங்குவின் கையில், பத்தே வருடத்தில் அதே பாதையில் போய் அதே பள்ளத்தில் விழுந்தது.

விளைச்சல் நன்றாக இருந்தால் ஆளுங்கட்சி தப்பிக்கும் என்பார்கள். 2011இல் 30 லட்சம் டன் விளைந்தது, பண்டா தோற்றார். 2021இல் 36 லட்சம் டன் விளைந்தது, லுங்கு தோற்றார். கிராமத்துக் களஞ்சியம் நிறைந்திருப்பதால் நகரத்துக்காரனின் கோபம் ஆறிவிடாது. 2020 நவம்பரில் நாடு வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்டாமல் தவறியது. தேர்தல் சமயத்தில் பணவீக்கம் 24 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இதற்கு மேல் தினசரி அவமானம் வேறு. பேருந்து நிலையத்தில் மினிபஸ் ஆள் ஏற்றவேண்டுமென்றால் கட்சித் தொண்டர்களுக்குக் காசு, சந்தையில் கடை போட வேண்டுமென்றாலும் அவர்களுக்குக் காசு. என்னைக் கேட்டால், கடன் புள்ளிவிவரங்களைவிட இதுதான் நகரத்து ஓட்டை அதிகம் திருப்பியது. ஹிச்சிலேமா பதவிக்கு வந்ததும் அந்த வசூலைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னார்.

அந்தத் தேர்தலில் புழங்கிய ஒரு சொல் 'தர்பூசணி'. பிஎஃப்பின் நிறம் பச்சை, ஹிச்சிலேமாவின் கட்சியான யுபிஎன்டியின் நிறம் சிவப்பு. ஆளுங்கட்சி இலவசமாகக் கொடுத்த பச்சை சித்தெங்கே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, உள்ளே போய் சிவப்புக்குக் குத்துவது. கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தது இதனால்தான். 2011இல் சாட்டா சொல்லிக்கொடுத்த "டோன்ட் குபேபா", அதாவது 'கொடுப்பதை வாங்கிக்கொள், யாருக்கு ஓட்டு என்று சொல்லாதே' என்ற பாடம், அவர் கட்சிக்கே திரும்பி வந்தது.

முடிவுகளைப் படிப்பவர்கள் வழக்கமாக வழுக்கும் இடங்கள் சில உண்டு. வரைபடத்தில் கிராமப்புறம் பரந்து கிடக்கும், லூசாகா ஒரு புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியில் பத்து சதவீதம் நகர்ந்தால், ஒரு சிறிய கிராமத் தொகுதியில் ஐம்பது சதவீதம் நகர்வதைவிட அதிக ஓட்டு. அதனால் சதவீத வித்தியாசத்தைவிட ஓட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். 2011ஐ 2016உடன் தொகுதிவாரியாக ஒப்பிடாதீர்கள், நடுவே 150 தொகுதி 156 ஆனது. விதியும் மாறியது. 2011இல் 42 சதவீதமே அதிபராகப் போதுமானதாக இருந்தது. 2016 முதல் பாதிக்கு மேல் ஓர் ஓட்டாவது வேண்டும். கிராமக் கோட்டையோடு நகரத்தில் ஒரு துண்டைச் சேர்த்து ஜெயிக்கும் வித்தை இனி சுலபமில்லை.

நகரம் என்று மொத்தமாகச் சொல்வதும் தப்பு. லூசாகாவிலேயே மத்தேரோ, மன்டேவு, சவாமா ஆகிய நெரிசலான பகுதிகள் அதே நாளில் பிஎஃப் எம்பிக்களைத் தேர்ந்தெடுத்தன. அதிபருக்கு ஒன்று, எம்பிக்கு வேறொன்று என்று யோசித்துக் குத்தியவர்களும் இருந்திருக்கலாம். ஹிச்சிலேமாவுக்கு இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்தும் யுபிஎன்டிக்கு வந்த இடங்கள் 82தான்.

அவருக்கும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. 2024 வறட்சியில் சோள விளைச்சல் 33 லட்சம் டன்னிலிருந்து 15 லட்சமாகச் சரிந்தது. நீர்மின்சாரம் தரும் கரிபா அணையில் நீர் இறங்கி, லூசாகாவில் மணிக்கணக்கில் மின்வெட்டு. அவருடைய சொந்தக் கோட்டையான தெற்கு மாகாணத்தில் வயல் கருகியது, கன்யாமாவில் மாவு மூட்டை விலை ஏறியது, இரண்டும் ஒரே வருடத்தில்.