மூளை மாத்தணுமாம்!

காருக்கு மூளை போச்சாம். அதான், இன்ஜினை இயக்குற ஈசியூங்கற கம்ப்யூட்டர். சர்வீஸ் சென்டர்காரர் ஸ்கேனரைச் செருகி அஞ்சு நிமிஷம் ஆகல, "ஈசியூ பேசவே மாட்டேங்குது சார், மாத்திடணும்"னு தீர்ப்பு. எஸ்டிமேட்டைப் பார்த்ததும் எனக்குத்தான் மூளை நின்னுபோச்சு.

ஐயா, ஃபியூஸைப் பார்த்தீங்களா? எர்த் வயர்? சென்சாருக்குப் போற 5 வோல்ட் லைன்ல ஒண்ணு ஷார்ட் ஆனாலே கம்ப்யூட்டர் செத்த மாதிரி நடிக்குமே? கேட்டா, "கம்பெனி ப்ரொசீஜர் சார்"னு ஒரு இளிப்பு.

சரி, சென்னையில பழைய கார் பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில பழசு ஒண்ணு வாங்கிடலாம்னா அதுவும் வம்பு. பார்ட் நம்பர் அச்சு அசலா ஒண்ணா இருந்தாலும் இம்மொபிலைசர்ங்கற திருட்டுத் தடுப்புப் பூட்டு நம்ம சாவியை யாரோ திருடன்னு நினைச்சுக்கும். ஸ்டார்ட்டர் சுத்தும், இன்ஜின் பிடிக்காது. அதைச் சமாதானப்படுத்தி கோடிங் பண்ண தனி ஆள், தனிக் காசு. பூட்டுக்கும் சாவிக்கும் சம்பந்தம் பேசணும் போல!

வேற வழியில்லாம புதுசே போட்டேன். மூணாம் நாள் மறுபடி அதே கதை. தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்தார். பச்சை பூத்துக் கிடந்த எர்த் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினார். 300 ரூபாய்.

புது ஈசியூவைத் திருப்பிக் கொடுக்கலாம்னா, எலக்ட்ரிக்கல் சாமானை ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்களாம். பில்லுல சின்ன எழுத்துல போட்டிருக்காம்.