மடியில் விழுந்ததை யார் எழுதுவது?

பிடிபடும் மீனைக் கணக்கெடுக்க விசைப்படகில் கேமரா வைப்பது பற்றிப் பேசினால் உடனே ஒரு கேள்வி வரும்: "கடலே இல்லாத சேலத்துக்காரருக்கு இதில் என்ன?" நிறைய இருக்கிறது. சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை நாம் வாங்கும் சங்கராவும் நெத்திலியும் கடல் மீன்தான். இழுவை வலையின் பை போன்ற பகுதியான மடியில் சிக்கும் குஞ்சு குறுமான்களைக் கடற்கரையில் கழசல் என்பார்கள். அது காய்ந்து அரைபட்டுக் கோழித்தீவனமாகி, பக்கத்து நாமக்கல் பண்ணைகள் வரை வருகிறது. மீனே தொடாதவர் தட்டில் இருக்கும் முட்டைக்கும் அந்த மடியோடு தொடர்பு உண்டு.

அந்த மடியில் என்ன விழுந்தது, எதைத் திரும்பக் கடலில் கொட்டினார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கு கிடையாது. கரையில் இறங்கியதைத்தான் எண்ணுகிறோம். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் பங்குனி ஆமைகள் எனப்படும் கடல் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின; இழுவை வலையில் சிக்கியிருக்கும் என்ற சந்தேகம் எழுந்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு தொழில் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. மீறியது யார் என்று காட்ட ஆதாரம் இல்லாவிட்டால், ஒழுங்காகத் தொழில் செய்தவர் மேலும் சேர்த்துத்தான் பழி விழும். எனக்கு வலிப்பது அதுதான்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாறும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியை 364 கோடி ரூபாயில் 1 லட்சம் படகுகளுக்குத் தரும் திட்டம் 2024இல் தொடங்கியது. செல்போன் எட்டாத இடத்திலும் புயல் எச்சரிக்கை போய்ச் சேரும். உயிர் காக்கும் கருவி, முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் படகு எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். வலைக்குள் இருப்பதைப் பார்க்கக் கேமரா வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், தூண்டில் போட்டு அடிமட்ட மீன் பிடிக்கும் படகுகளில் 2006 முதல் இது நடக்கிறது. மேல்தளத்தில் கேமரா, கூடவே ஜிபிஎஸ், மீன்பிடிக் கருவி ஓடுவதைக் காட்டும் சென்சார். பிடித்ததையும் கொட்டியதையும் படகோட்டியே பதிவேட்டில் எழுதுவார். வீடியோவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் குலுக்கலில் எடுத்துப் பார்ப்பார்கள். எழுதியதோடு ஒத்துப்போனால் அவர் பதிவேடுதான் கணக்கு. ஒத்துப்போகாவிட்டால் முழு வீடியோவும் பார்க்கப்படும், அந்தச் செலவு அவருடையது. எனக்குப் பிடித்த இடம் இதுதான். மீனவர் எழுதியதை முதலில் நம்புகிறார்கள், கேமரா அதற்குச் சாட்சி. நம் ஊரில் கேமரா என்றாலே திருடனைப் பிடிக்க என்றுதானே நினைக்கிறோம்?

செயற்கை நுண்ணறிவுக்கு இங்கே உள்ள வேலை, மணிக்கணக்காக ஓடும் வீடியோவில் வலை ஏறும் நேரத்தைக் கண்டுபிடிப்பதும், மீனை எண்ணி நீளம் அளப்பதும். ஒவ்வொன்றாக மேலே வரும் சூரையில் அது நன்றாகவே வேலை செய்யும். நம் மடியில் காரப்பொடி, வாளை, நகரை, நண்டு, இறால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து விழும். லென்ஸில் உப்புத் தண்ணீர் வேறு. செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுக்கப் படங்களில் பெயர் குறிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் இயந்திரம் சொல்லும். சேலத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து குட்டிப் பாறை மீனையும் காரல் மீனையும் நான் பிரித்தால் தப்பு வரும். துறைமுகத்தில் தரையில் உட்கார்ந்து கழசல் பிரிக்கும் அக்காமார்களுக்குக் கண் பார்த்ததும் தெரியும். அந்த அறிவைச் சும்மா வாங்கக்கூடாது. பெயர் குறிக்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்து, எங்களுக்குத் தரும் கூலியைத் தர வேண்டும்.

மேட்டூர் அணையில் பரிசலில் வலை போடுகிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. கட்டுமரத்துக்கும் சிறு ஃபைபர் படகுக்கும் அப்படித்தான். பெரிய இழுவைப் படகிலிருந்து தொடங்குங்கள். கருவிக்கான செலவை அரசு ஏற்கட்டும். கேமரா வலை ஏறும் இடத்தை மட்டும் பார்க்கட்டும், ஆட்கள் சாப்பிட்டுத் தூங்கும் பக்கம் திரும்பவே கூடாது. மீன் கிடைக்கும் இடம் வெளியே போனால் பிழைப்பே போய்விடும், அதனால் பதிவு யார் கையில் இருக்கும் என்பதை மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். முதல் வருடம் அபராதம் வேண்டாம், பதிவேடு எழுதப் பழகட்டும். அதன் பிறகும் விதியை மீறினால் தண்டனை படகு முதலாளிக்கு, கூலிக்கு வந்தவருக்கு அல்ல.